அரசியலில் தன்மோகம்: ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, கடலோர ஊர்களில் அரசியல் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கேள்வி கூடவே வருகிறது: "இவர் ஏன் எல்லாவற்றையும் தன்னைச் சுற்றியே நடத்துகிறார்?" சட்டமன்ற உறுப்பினரைப் பற்றி மட்டும் அல்ல, ஊராட்சித் தலைவரைப் பற்றியும் படகுச் சங்கத் தலைவரைப் பற்றியும் இப்படிக் கேட்கிறார்கள். இளைஞர்களுடனும் மகளிர் குழுக்களுடனும் பேசும்போது என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்தக் கட்சியின் பெயரும், இன்று பதவியில் இருக்கும் எவருடைய பெயரும் இதில் இல்லை. அதற்கான காரணம் மூன்றாவது பதிலில் இருக்கிறது.

1. தன்மோகம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

உளவியலார் நார்சிசம் என்று குறிப்பிடும் குணத்தை. தான் மற்றவர்களைவிட உயர்ந்தவன் என்ற உறுதி, ஓயாத பாராட்டுப் பசி, பொதுவிதி தனக்குப் பொருந்தாது என்ற நினைப்பு, அடுத்தவர் வலி உள்ளே இறங்காமை ஆகிய நான்கும் சேர்ந்து வரும்போது அதைத் தன்மோகம் என்கிறோம். எவ்வளவு புகழ்ந்தாலும் நிறையாத ஓட்டைக் குடம் அது. நேற்று ஆயிரம் பேர் கைதட்டியது இன்றைக்குப் போதாது.

2013-ல் ஜெர்மனியைச் சேர்ந்த மித்யா பாக் என்பவரும் அவருடைய குழுவினரும் இதற்குள் இரண்டு வழிகள் இருப்பதைப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, தன்னை ஒளிரச் செய்து பாராட்டைச் சம்பாதிப்பது. மற்றொன்று, போட்டியாளரைக் கீழே தள்ளித் தன் உயரத்தைக் காப்பாற்றிக்கொள்வது. அரசியலைப் புரிந்துகொள்ள இந்தப் பிரிவு மிகவும் உதவுகிறது. முதல் வழியில் போகிறவரோடு ஓரளவு காலம் தள்ளிவிடலாம். இரண்டாவது வழியில் இறங்கியவருக்கு ஊரில் வேறு யாரும் வளரவே கூடாது.

அமைதியான வகை ஒன்றும் உண்டு. மேடையில் குரல் உயராது, நடையில் பகட்டு இராது. ஆனால் கூட்டத்தில் யாரோ சொன்ன ஒற்றைச் சொல்லை ஆண்டுக்கணக்கில் மனதில் வைத்திருந்து, அந்த ஆளின் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வராமல் பார்த்துக்கொள்வார். பகட்டைவிட இந்தப் புண்பட்ட தன்மோகத்தைக் கண்டுபிடிப்பது கடினம்.

2. இது நோயா, குணமா?

பெரும்பாலும் குணம். உயரம், எடை போல எல்லோரிடமும் ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. 1979-ல் ராஸ்கின், ஹால் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இந்தக் குணத்தை அளக்க ஒரு வினாத்தாளை உருவாக்கினார்கள். பின்னர் 40 வினாக்களாகச் சுருக்கப்பட்ட அதன் வடிவம் இன்றும் ஆய்வுகளில் பயன்படுகிறது. அதில் அதிக மதிப்பெண் பெற்றவர் நோயாளி என்று பொருள் இல்லை.

நோய் என்ற நிலை தனி. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் 1980-ல் இது ஆளுமைக் கோளாறாகச் சேர்க்கப்பட்டது. ஒன்பது அடையாளங்களில் குறைந்தது ஐந்தாவது நீண்ட காலம் நிலைத்திருந்து, வாழ்க்கையின் பல பக்கங்களையும் கெடுக்க வேண்டும். அதைத் தீர்மானிக்கும் உரிமை, எதிரே உட்கார்ந்து பல மணி நேரம் பேசிய மருத்துவருக்கு மட்டுமே உண்டு.

3. எங்கள் தொகுதித் தலைவருக்கு மனநோய் என்று மேடையில் சொன்னால் என்ன தவறு?

சொல்லக் கூடாது. இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று அமெரிக்காவில் நடந்தது, மற்றொன்று நம் மண்ணில் நடந்தது.

1964 அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளராக பேரி கோல்ட்வாட்டர் நின்றார். 'ஃபேக்ட்' என்ற இதழ் 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, அவர் மனதளவில் அதிபர் பதவிக்குத் தகுதியானவரா என்று கேட்டது. 2,417 பேர் பதில் அனுப்பினார்கள். அவர்களில் 1,189 பேர் தகுதியற்றவர் என்றார்கள். நேரில் பரிசோதிக்காமலே ஒருவருடைய மனதைப் பற்றி இத்தனை பேர் தீர்ப்பு எழுதினார்கள். தேர்தலில் தோற்ற கோல்ட்வாட்டர், இதழ் மீது தொடுத்த அவதூறு வழக்கில் வென்றார். பரிசோதிக்காமலும் ஒப்புதல் பெறாமலும் பொதுவாழ்வில் உள்ளவரின் மனநிலை பற்றி மனநல மருத்துவர் கருத்துச் சொல்வது நெறியற்றது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-ல் விதி வகுத்தது. கோல்ட்வாட்டர் விதி என்றே அதற்குப் பெயர்.

இரண்டாவது காரணம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, மனநலக் காப்பகம் என்ற பெயரில் அங்கே நடந்துவந்த கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்தது. மனநலம் குன்றியவரைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முழுமையாகத் தடைசெய்கிறது.

இப்படி ஒரு துயரத்தைப் பார்த்த மாவட்டத்தில் நின்றுகொண்டு, பிடிக்காத அரசியல்வாதியைத் திட்டுவதற்கு மனநோயைக் கையில் எடுத்தால் அந்த அடி அவர் மேல் விழாது. அரசு மருத்துவமனையில் மாத்திரைக்காகத் தாயோடு வரிசையில் நிற்கும் பிள்ளையின் மேல் விழும். அந்தத் தாய் அடுத்த மாதம் மருத்துவமனைக்கு வரத் தயங்குவார்.

ஒருவருடைய நடத்தையைச் சொல்வதற்குத் தடை எதுவும் இல்லை. "கணக்குக் கேட்டவரைக் கூட்டத்திலிருந்து வெளியேற்றினார்" என்று சொல்லுங்கள். அதற்கு ஆதாரம் உண்டு, சாட்சி உண்டு. அவர் மறுத்தால் விவாதிக்கலாம். நோயின் பெயரைச் சூட்டினால் அந்த விவாதம் அங்கேயே செத்துவிடும்.

4. தன்னம்பிக்கை இல்லாமல் தலைவராக முடியுமா? இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

முடியாது. தன்னம்பிக்கை உள்ளவரும் "என்னால் முடியும்" என்றுதான் சொல்வார். தோல்வி வரும்போது பாருங்கள், வேறுபாடு தெரிந்துவிடும்.

ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்த நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி வங்கக் கடலில் விழுந்தது. திட்டத்தின் பொறுப்பாளர் கலாம். ஆனால் செய்தியாளர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். தோல்விக்கான பொறுப்பைத் தானே ஏற்று, தன் குழுவின் மேல் நம்பிக்கை இருப்பதாகச் சொன்னார். 1980 ஜூலை 18 அன்று ராக்கெட் வெற்றிகரமாகச் சென்றது. அன்றைக்குச் செய்தியாளர்களைச் சந்திக்கும்படி கலாமை அனுப்பினார்.

தவானிடம் தன்னம்பிக்கைக்குக் குறைவில்லை. ஒரு நாட்டின் விண்வெளித் திட்டத்தை நடத்தியவர் அவர். தோல்வியில் முன்னால் வந்து வெற்றியில் பின்னால் நகர்ந்தார். தன்மோகம் மிகுந்தவர் இதை நேர்மாறாகச் செய்வார்: துறைமுகம் வந்தால் தன்னால் வந்தது, அலைத்தடுப்புச் சுவர் சரிந்தால் பொறியாளரின் தவறு.

5. இப்படிப்பட்டவர்கள் ஏன் அரசியலில் அதிகம் தென்படுகிறார்கள்?

பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி, எமிலி கிரிஹால்வா என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2015-ல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். தன்மோகம் மிகுந்தவர்கள் தலைவர்களாக எழுவது எளிதாக இருக்கிறது. ஆனால் தலைமைப் பணியைச் சிறப்பாகச் செய்வதற்கும் அந்தக் குணத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. மிகக் குறைவாக இருந்தாலும் மிக அதிகமாக இருந்தாலும் பணி கெடுகிறது, நடுத்தர அளவில் உள்ளவர்களே தேறுகிறார்கள் என்று அந்த ஆய்வு கண்டது.

முதல் சந்திப்பில் உறுதியான குரலைத் திறமை என்று எடுத்துக்கொள்வது மனித இயல்பு. அலுவலகத்தில் ஒன்றாக வேலை செய்தால் சில மாதங்களில் அந்த மயக்கம் கலைந்துவிடும். அரசியலில் கலைவதில்லை. தேவிபட்டினம் கடைத்தெருவில் திறந்த ஜீப்பில் கைகூப்பியபடி கடந்துபோகும் வேட்பாளரை நாம் எத்தனை நிமிடம் பார்க்கிறோம்? அடுத்த முறை அவரைப் பார்ப்பது போஸ்டரில், பிறகு கைப்பேசித் திரையில். ஐந்து ஆண்டும் முதல் சந்திப்பாகவே போய்விடுகிறது.

அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் நடத்திய கணக்கெடுப்புகளை வைத்து ஃபசேகாஸ், ஹடேமி என்ற இரு அறிஞர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வு வாக்காளர்களின் பக்கத்தையும் காட்டியது. தன்மோகம் கூடியவர்கள் அரசியலில் அதிகம் பங்கெடுக்கிறார்கள். மனுக்களில் கையெழுத்திடுகிறார்கள், அரசியல்வாதிகளைத் தொடர்புகொள்கிறார்கள். தனக்கு எதுவும் தெரியாது என்று நினைக்கும் நல்ல மனிதர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். நம் ஊர்களிலும் இதையே பார்க்கிறேன். வலை பின்னுவதிலிருந்து மீன் ஏலம் வரை அத்தனையும் அறிந்த பெண்மணி, கிராம சபையில் ஒலிபெருக்கியை நீட்டினால் பின்வாங்குகிறார். எதுவும் அறியாத ஒருவர் அதைப் பிடுங்கி அரை மணி நேரம் பேசுகிறார்.

6. நல்லவராக இருந்தவர் பதவிக்கு வந்ததும் மாறிப்போனார். பதவியே இதை உண்டாக்குமா?

உண்டாக்கும் என்று சொன்னவர் ஒரு மருத்துவர். அவரே பதவியிலும் இருந்தவர். பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக 1977 முதல் 1979 வரை இருந்த டேவிட் ஓவன், மனநல மருத்துவர் ஜோனதன் டேவிட்சனுடன் சேர்ந்து 2009-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். நூறு ஆண்டுகால அமெரிக்க அதிபர்களையும் பிரிட்டன் பிரதமர்களையும் ஆராய்ந்து, பதவிச் செருக்கு என்ற நிலைக்கு 14 அடையாளங்களை அதில் வகுத்தார்கள். அதில் பாதி, தன்மோகக் கோளாறின் அடையாளங்கள். ஆனால் இது பிறவிக் குணம் இல்லை. அதிகாரம், அதிலும் பெருவெற்றிக்குப் பிறகு நீண்ட காலம் தடையில்லாமல் கையில் இருந்த அதிகாரம், உண்டாக்குவது. பதவி போனால் பெரும்பாலும் தணிந்துவிடும். இதை மருத்துவ உலகம் தனி நோயாக ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

எப்படி நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் ஆண்டில் "அண்ணே, இது சரியாக வராது" என்று சொல்ல நான்கு பேர் இருப்பார்கள். இரண்டாவது ஆண்டில் இருவர். அவர்களும் ஒதுக்கப்பட்ட பிறகு, வரும் செய்தி எல்லாம் நல்ல செய்தியாகிவிடும். "இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானும் கெடும்" என்ற குறளைப் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். ஊராட்சி மன்றம் முதல் நாடாளுமன்றம் வரை அது அப்படியே நடக்கிறது. அந்த நான்கு பேரைக் காப்பாற்றி வைத்திருக்கும் தலைவரை நான் மதிக்கிறேன்.

7. தன்மோகத்தால் நன்மையே கிடையாதா?

உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் வரையிலான 42 அமெரிக்க அதிபர்களின் ஆளுமையை வரலாற்று வல்லுநர்களின் மதிப்பீட்டை வைத்து ஆராய்ந்த ஓர் ஆய்வு 2013-ல் வெளிவந்தது. பகட்டுத் தன்மோகம் கூடிய அதிபர்கள் மக்களை ஈர்ப்பதிலும் நெருக்கடியைக் கையாள்வதிலும் முன்னால் இருந்தார்கள். அதே அதிபர்கள்தான் நெறிமீறல்களிலும் பதவிநீக்கத் தீர்மானங்களிலும் அதிகம் சிக்கினார்கள். பட்டியலில் முதலிடம் லிண்டன் ஜான்சனுக்கு. 1964 குடிமை உரிமைகள் சட்டத்தை நிறைவேற்றி நிறப் பாகுபாட்டைச் சட்டப்படி ஒழித்தவர் அவர். வியட்நாம் போரில் நாட்டை ஆழமாக இறக்கியவரும் அவரே.

நன்மை ஒருவருக்கும் விலை வேறொருவருக்கும் போய்ச் சேர்வதைக் கவனிக்க வேண்டும். புகழ் தலைவரோடு இருந்துவிடும். இறந்த சிப்பாயின் வீட்டில் விலை கொடுக்கப்படும்.

8. பேனர், பொன்னாடை, பஸ் நிழற்குடையில் பெயர் எல்லாம் தன்மோகமா, வெறும் வழக்கமா?

பாதிக்கு மேல் வழக்கம். ஒரு வேட்பாளர் பேனர் வைக்காவிட்டால் ஊரில் யாருக்கும் அவரைத் தெரியாது என்று தொண்டர்களே பயமுறுத்துகிறார்கள். ஆகவே பேனர் இருப்பதை மட்டும் வைத்து ஒருவரை எடைபோடாதீர்கள். பேனரில் வேலையின் விவரம் இருக்கிறதா, முகம் மட்டுமே இருக்கிறதா என்று பாருங்கள். மக்கள் வரிப்பணத்தில் கட்டிய நிழற்குடையில் திட்டத்தின் பெயரும் செலவும் சிறிய எழுத்திலும் திறந்துவைத்தவரின் பெயர் பெரிய எழுத்திலும் இருந்தால், அது உடைமை கோருவது.

நீதிமன்றமும் இதைத் தொட்டிருக்கிறது. அரசு விளம்பரங்களில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி ஆகியோரின் படங்கள் மட்டுமே இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015 மே மாதம் உத்தரவிட்டது. மாநிலங்கள் முறையிட்டதும் 2016 மார்ச்சில் ஆளுநர், முதல்வர், அமைச்சர் படங்களுக்கும் அனுமதி கிடைத்தது. முதல் உத்தரவே நீடித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவில் வைத்த கட்சிக்காரர் வீட்டுத் திருமணப் பேனர் சரிந்து விழ, ஸ்கூட்டரில் வந்த இளம்பெண் ஒருவர் லாரியில் சிக்கி இறந்தார். அதற்குப் பிறகும் காற்று பலமாக அடிக்கும் நம் கடலோரச் சாலைகளில் பேனர் கட்டுகிறார்கள்.

9. எங்கள் மீன்பிடிப் பிரச்சினை தீராததற்கும் தலைவர்களின் தன்மோகத்துக்கும் தொடர்பு இருக்கிறதா?

இருக்கிறது. அது மட்டுமே காரணம் என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

பாக் நீரிணைச் சிக்கலில் எத்தனை தரப்பு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லை இருக்கிறது. நம் விசைப்படகுகள் இருக்கின்றன. அவற்றால் வலை அறுபடும் நம் நாட்டுப்படகுக்காரர்கள் இருக்கிறார்கள். போரில் எல்லாவற்றையும் இழந்து மீண்டும் கடலுக்கு வந்த யாழ்ப்பாணம், மன்னார் தமிழ் மீனவர்கள் இருக்கிறார்கள். கடலடியை வாரிச்செல்லும் இழுவைமடி வலையை 2017-ல் சட்டத்தால் தடைசெய்த இலங்கை அரசு இருக்கிறது. ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டத்தை அதே ஆண்டு தொடங்கிய நம் அரசுகள் இருக்கின்றன. கடனை நினைத்து அந்தப் படகை வாங்கத் தயங்கும் குடும்பங்களும் இருக்கின்றன. எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பேசினால் மட்டுமே நகரும் விஷயம் இது. அப்படி நகர்ந்தாலும் யாருக்கும் முழுப் புகழ் கிடைக்காது. தன்மோகம் மிகுந்தவருக்கு இந்த வேலையில் ஆர்வம் வராததற்குக் காரணம் அதுவே. "கச்சத்தீவை நான் மீட்டுத் தருவேன்" என்ற ஒற்றை வரியில் அவருக்குக் கிடைக்கும் கைதட்டல், பத்துச் சுற்றுப் பேச்சுவார்த்தையில் கிடைக்காது.

விடுதலையான மீனவர்கள் ஊர் திரும்பும் நாளில் இதை நேரில் பார்க்கலாம். கொழும்பிலிருந்து விமானத்தில் சென்னைக்கு வந்து, இரவு முழுவதும் வேனில் பயணம் செய்து ராமேஸ்வரத்தில் வந்து இறங்குகிறார்கள். சிறையில் போட்டிருந்த அதே சட்டை, மழிக்காத முகம், தூக்கமில்லாத கண்கள். வேன் கதவு திறந்ததும் முதலில் நீள்வது சால்வை. கேமராவுக்கு முகம் தெரியும்படி ஒருவர் தோளைப் பிடித்துத் திருப்புகிறார். படம் சரியாக விழவில்லை என்று சால்வையைக் கழற்றி மறுபடியும் போடுகிறார்கள். மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கட்சிக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். வரிசை முடிந்தபின்தான் அவர் பக்கத்தில் வர முடிகிறது. அந்தச் சால்வையைப் போட்டவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே: இலங்கையில் பிடித்து வைத்திருக்கும் படகின் கதி என்ன? படகு போனதால் நிற்கும் கடனுக்கு யார் பொறுப்பு? அடுத்த நாள் காலை அந்த வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சால்வை இல்லாமல், படகின் பதிவுத் தாளையும் வங்கிப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்து, மீன்துறை அலுவலகத்துக்குக் கூட வந்தவர் யாரோ, அவருக்கு என் வாக்கு.

10. மீனவர் சங்கம், ஊர்க் கமிட்டி, ஜமாத் நிர்வாகம் இவற்றிலும் இது வருமா?

வரும். சிறிய இடங்களில் தேர்தல் ஆணையமும் இல்லை, எதிர்க்கட்சியும் இல்லை. ஆகவே விரைவாகவே வரும். வரவு செலவை ஆண்டுக்கு ஒரு முறை எழுதி ஒட்டுவது, தலைவர் பதவிக்குக் கால வரம்பு வைப்பது ஆகிய இரண்டைச் செய்த சங்கங்களில் சண்டை குறைவாக இருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

11. மக்களாகிய எங்கள் பங்கு என்ன?

பெரிய பங்கு. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியபோது இதைத்தான் எச்சரித்தார். சமயத்தில் பக்தி ஆன்மாவின் விடுதலைக்கு வழியாகலாம். அரசியலில் பக்தி, தனிமனித வழிபாடு, சீரழிவுக்கும் முடிவில் சர்வாதிகாரத்துக்கும் நிச்சயமான பாதை என்றார். அரசியல் சட்டம் நிறைவேறுவதற்கு முந்தைய நாள் அவர் அதைச் சொன்னார் என்பதை நினைத்தால், அந்தக் கவலையின் ஆழம் புரியும்.

தனிமனிதருக்கு மட்டுமல்ல, கூட்டத்துக்கும் தன்மோகம் உண்டு. போலந்தைச் சேர்ந்த அக்னீஷ்கா கோலெக் டி சவாலா 2009 முதல் இதை ஆராய்ந்துவருகிறார். "எங்கள் கூட்டம் மிக உயர்ந்தது, உலகம் அதை மதிக்க மறுக்கிறது" என்ற மனக்குறையே இதன் அடிப்படை. சாதி, மதம், மொழி எதிலும் இது ஏறிக்கொள்ளும். ஒரு சுவரொட்டி கிழிந்ததற்கு ஊரே திரளும். அதே ஊரில் பள்ளிக்கு ஆசிரியர் இல்லை என்பதற்குப் பத்துப் பேர்கூட வரமாட்டார்கள். தன்மோகத் தலைவர் இந்தக் காயத்தைத் தேடி வந்து அதன் மேல் கைவைக்கிறார். தன் பெருமையை நம் பெருமை என்று சொல்கிறார். நாமும் நம்பிவிடுகிறோம், ஏனென்றால் நீண்ட காலம் அவமானப்பட்டவர்களுக்கு அந்தச் சொல் இனிக்கிறது. அந்த அவமானம் உண்மையானது. அதற்கு மருந்து பள்ளியும் வேலையும் சட்டப் பாதுகாப்பும்.

12. பெண் தலைவர்களிடம் இது குறைவா?

சராசரியில் ஆண்களின் மதிப்பெண் சற்றுக் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தனிமனிதரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஆண் உறுதியாகப் பேசினால் ஆளுமை என்றும், பெண் அதையே செய்தால் திமிர் என்றும் சொல்லும் வழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுக்கும் நம் பெண்கள், எந்த நாட்களில் பாசி எடுப்பது, எப்போது நிறுத்துவது என்று கூடிப் பேசித் தங்களுக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். அந்த மாதிரித் தலைமைக்குப் பேனர் வைக்கவும் முடியாது.

13. தன் செருக்கைத் தானே கண்டு பயந்த தலைவர் யாராவது உண்டா?

உண்டு. 1937-ல் கல்கத்தாவிலிருந்து வந்த 'மாடர்ன் ரிவ்யூ' இதழில் சாணக்கியர் என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை வெளியானது. ஜவாகர்லால் நேருவைக் கடுமையாக எச்சரித்த கட்டுரை அது. கூட்டத்தின் ஆரவாரம் அவருக்குப் பிடித்திருக்கிறது, அவருடைய அகந்தை இப்போதே பெரிதாக வளர்ந்துவிட்டது, இப்படிப்பட்டவர் எளிதில் சர்வாதிகாரியாகலாம், அவரை மீண்டும் காங்கிரஸ் தலைவராக்காதீர்கள் என்று அது வாதிட்டது. எழுதியவர் நேருவே. பிறகு அவர் ஆட்சியில் செய்தவை பற்றி எத்தனையோ விமர்சனம் இருக்கலாம். ஆனால் புகழின் உச்சியில் இருந்தபோது இப்படி எழுதத் தோன்றியதே, அந்தத் தோன்றல் தன்மோகத்தில் முழுதாக மூழ்கியவருக்கு வராது.

14. இப்படிப்பட்ட ஒருவரிடம் நான் உதவியாளராக வேலை செய்கிறேன். எப்படித் தாக்குப்பிடிப்பது?

அவருடைய பெருமையைக் கூட்டத்தின் நடுவில் சீண்டாதீர்கள். தன்மோகம் மிகுந்தவர்கள் அவமதிக்கப்பட்டதாக உணரும்போது ஆக்ரோஷமாகத் திருப்பி அடிக்கிறார்கள் என்பதை 1998-ல் புஷ்மன், பாமைஸ்டர் செய்த சோதனைகள் காட்டின. மாற்றுக் கருத்தைத் தனிமையில் சொல்லுங்கள். "இதைச் செய்தால் உங்கள் பெயர் கெடும்" என்ற வாசல் வழியாக நுழைந்தால் கேட்பார்கள். பண விவகாரம் எதுவானாலும் எழுத்தில் உத்தரவு வாங்குங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். தவறு வெளியே வரும் நாளில் முதலில் பலியாவது உதவியாளர். சட்டத்துக்குப் புறம்பான ஒன்றில் கையெழுத்துக் கேட்டால் அன்றைக்கே விலகிவிடுங்கள். சம்பளம் போனாலும் பரவாயில்லை.

15. வாக்காளராக நான் என்ன செய்ய முடியும்?

கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் 2022 முதல் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அங்கே ஒரு கணக்குக் கேள்வி கேளுங்கள்: இந்த ஆண்டு சிமெண்ட் சாலைக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது? பதிலைவிடப் பதில் சொல்லும் முகத்தைக் கவனியுங்கள். "தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்பவர் நல்லவர். "என்னையே கேட்கிறாயா?" என்பவரிடம் அந்தக் கேள்வியைத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி எழுத்தில் கேளுங்கள், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

அவரைவிட்டு விலகியவர்களிடமும் பேசிப் பாருங்கள். ஒருவர் விலகினால் கருத்து வேறுபாடு. பழைய நண்பர்கள் எல்லோருமே துரோகிகள் ஆகிவிட்டார்கள் என்றால், கேள்வியைத் தலைவரிடம் திருப்ப வேண்டும். தனக்கு அடுத்து யார் என்று அவர் யாரையாவது வளர்த்திருக்கிறாரா என்பதும் முக்கியம்.

16. என் தந்தை பதவியில் இருந்தவர். தேர்தலில் தோற்றபின் யாருடனும் பேசுவதில்லை. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

கேட்டதற்கு நன்றி. இந்தப் பக்கத்தை யாரும் கவனிப்பதில்லை. வாழ்நாள் முழுவதும் கைதட்டலை நம்பி வாழ்ந்தவருக்கு அது ஒரே இரவில் நின்றுபோவது பெரிய இழப்பு. மனச்சோர்வு வரலாம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் வரலாம். தன்மோகக் குணத்துக்கென்று தனி மாத்திரை கிடையாது. ஆனால் மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு. நீண்டகால ஆலோசனைப் பேச்சும் உதவுகிறது. தானாக மருத்துவரிடம் போக மாட்டார். உறக்கமின்மைக்கு என்று சொல்லி அழைத்துப் போனால் பலர் வருகிறார்கள். "அன்றைக்கு எப்படி ஆடினீர்கள்" என்று குத்திக்காட்டாதீர்கள். பழைய புகழைப் பேசி ஏற்றிவிடவும் வேண்டாம். பேரப்பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவது போன்ற, யாரும் கைதட்டாத ஒரு வேலையை அவரிடம் ஒப்படையுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டிலிருந்தே பேச வேண்டுமானால் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். அவர் பேச மறுத்தால் முதல் அழைப்பை நீங்களே செய்யுங்கள்.